ரத்த வாடை

நான்கு பெண்கள் கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு, எல்லை தாண்டி ஒரு காட்டுக்குப் போகிறோம் என்று சொன்னால் வருகிற கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் கேள்வி, கூட ஆண்கள் யார் வருகிறார்கள். இரண்டாவது, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவதை எல்லோரும் கேட்பதில்லை. நெருங்கிய பெண்கள் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: தேதி பார்த்துக்கொண்டாயா? மதுரையிலிருந்து அம்மா போனில் கேட்டார். கல்கரியில் என்னோடு வேலை பார்க்கிற, சிறுவயதிலிருந்தே மலையேறிப் பழகிய வெள்ளைக்காரப் பெண்ணும் அதையே கேட்டார். அம்மாவுக்குக் காத்து கருப்பு பயம். அவருக்குக் கரடி பயம்.

முதல் இரண்டு கேள்விகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது மூன்றாவதைப் பற்றி. அது அக்கறையிலிருந்து வருகிற கேள்வி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அக்கறையிலிருந்து வருகிற ஒன்றை எப்படி எடைபோடுவது என்பதுதான் சிக்கல். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று தொடங்குகிற பேச்சு எதுவரைக்கும் தகவல், எங்கிருந்து வேலி?

கல்கரியிலிருந்து தெற்கே காரில் மூன்று மணி நேரம் போனால் வாட்டர்டன். சமவெளி முடிகிற இடத்தில், சிறு குன்று என்று எதுவும் இல்லாமல் மலை நேராக எழுந்து நிற்கும். கனடாப் பக்கம் அதற்கு வாட்டர்டன் லேக்ஸ் தேசியப் பூங்கா என்று பெயர். அமெரிக்காவின் மொன்டானாப் பக்கம் கிளேசியர் தேசியப் பூங்கா. 1932இல் இரண்டையும் சேர்த்து சர்வதேச அமைதிப் பூங்கா என்று அறிவித்தார்கள். உலகில் அந்த வகையில் அதுதான் முதலாவது. அமைதிப் பூங்காவாக இருந்தாலும் நடுவில் பாஸ்போர்ட்டைக் காட்டத்தான் வேண்டும். 49ஆம் அட்சரேகை நெடுக, மலைச்சரிவென்றும் பாராமல் மரங்களை வெட்டி, ஆறு மீட்டர் அகலத்துக்கு வகிடு எடுத்ததுபோல ஒரு கோடு போகிறது. நாங்கள் கடந்த சீஃப் மௌன்டன் சோதனைச் சாவடி கோடையில் மட்டும் திறந்திருக்கும். அங்கிருந்த அதிகாரி விறகு இருக்கிறதா, பழம் இருக்கிறதா, இறைச்சி இருக்கிறதா என்று கேட்டார். (பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக முடியாது என்று தெரிந்து வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். மூன்று நாள் தாளிப்பில் அதன் இல்லாமை தெரிந்தது.) பிறகு காருக்குள் குனிந்து பார்த்து, "நீங்கள் நால்வர் மட்டும்தானா?" என்றார்.

நான்கு பேர் உட்கார்ந்திருக்கிற காரில் "மட்டும்" எங்கிருந்து வந்து ஏறியது என்று அதற்குப் பிறகு வழிநெடுகப் பேசிக்கொண்டு போனோம். எங்கள் நிறத்தில் நான்கு ஆண்கள் வந்திருந்தால் அவர்களுக்கு வேறு கேள்விகள், இதைவிடக் கடுமையான கேள்விகள் கிடைத்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர்களிடம் யாரும் "மட்டும்" என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

கரடி விஷயத்துக்கு வருகிறேன். 1967 ஆகஸ்ட் 13 அதிகாலையில், இதே கிளேசியர் பூங்காவில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில், இரண்டு வெவ்வேறு கிரிஸ்லி கரடிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. இருவருக்கும் வயது 19. இருவரும் அந்தக் கோடையில் பூங்காவின் விடுதிகளில் வேலைக்கு வந்தவர்கள். விடுமுறை நாளில் நண்பர்களோடு காட்டில் படுக்கப் போனவர்கள். பூங்கா 1910இல் உருவானது. அந்த இரவு வரை 57 ஆண்டுகளில் ஒருவர்கூட அங்கே கரடியால் இறந்ததில்லை. ஒரே இரவில் இருவர் என்றால், அதுவும் இருவரும் பெண்கள் என்றால், காரணம் தேடாமல் இருக்க முடியாதுதான்.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண் இறந்த கிரானைட் பார்க்கில் ஒரு மலை விடுதி இருந்தது. அதன் பின்புறம் சாப்பாட்டுக் கழிவைக் கொட்டுவார்கள்; இரவானால் கரடிகள் வந்து தின்னும்; விருந்தினர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அது விடுதியின் இரவுக் காட்சி. மற்றவர் இறந்த ட்ரௌட் ஏரிப் பக்கம் மெலிந்துபோன ஒரு கரடி அந்தக் கோடை முழுவதும் முகாம்களிலும் குடில்களிலும் புகுந்து உணவையும் குப்பையையும் கிளறிக்கொண்டிருந்தது. புகார்கள் போயிருந்தன. அதைச் சுட்ட பிறகு பார்த்தபோது கடைவாய்ப் பல்லில் கண்ணாடித் துண்டு பதிந்திருந்தது. மனிதர்களின் எச்சிலைத் தின்னப் பழகி, மனிதர்களிடம் இருந்த அச்சத்தைத் தொலைத்த கரடிகள். இதை ஜாக் ஓல்சன் என்ற எழுத்தாளர் 1969இல் ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார்.

ஆனாலும் இன்னொரு காரணம் கிளம்பியது. ஒரு பெண் மாதவிடாயில் இருந்தாராம். மற்றவருக்கு வரவேண்டிய நாளாம். கரடி ரத்த வாடையை மோப்பம் பிடித்து வந்திருக்கும் என்றார்கள். செத்துப்போன பெண்ணின் பையில் என்ன இருந்தது என்று பார்த்து, அதிலிருந்து ஓர் அனுமானம். அதன் பிறகு வந்த ஆண்டுகளில், அரசு அச்சடித்த துண்டுப் பிரசுரங்களிலேயே மாதவிடாய் நாட்களில் பெண்கள் கிரிஸ்லி நடமாடும் காடுகளுக்கு வராமல் இருப்பது நல்லது என்ற அறிவுரை ஏறிவிட்டது. சக ஊழியர் என்னிடம் கேட்ட கேள்வியின் பூர்வீகம் இதுதான்.

குப்பையைக் கொட்டியது ஒரு விடுதி. புகாரைக் கேட்டும் அசையாமல் இருந்தது ஒரு நிர்வாகம். விலகி இருக்கும்படி சொல்லப்பட்டது பெண்ணின் உடலுக்கு. இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை.

இந்த அனுமானத்தைச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு இந்தப் பயணத்துக்கு முன்புதான் தெரிந்தது. கல்கரிப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீஃபன் ஹெரேரோ நூற்றுக்கணக்கான கரடித் தாக்குதல்களை ஆராய்ந்து 1985இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மாதவிடாய்க்கும் கிரிஸ்லித் தாக்குதலுக்கும் தொடர்பு இருப்பதாக அவருக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. 1988இல் மொன்டானாப் பல்கலைக்கழகத்தில் கேரலைன் பேர்ட் இதை மட்டுமே எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வேடு எழுதினார். 1967க்குப் பின் பரவிய நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் சாரம். மின்னசோட்டாவில் லின் ரோஜர்ஸும் கூட்டாளிகளும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பயன்படுத்திய டாம்பன்களைக் காட்டுக் கருங்கரடிகள் முன்னால் போட்டுப் பார்த்தார்கள். மாதவிடாயில் இருந்த பெண்களே கரடிகள் பக்கத்தில் போய் நின்றும் பார்த்தார்கள். 1991இல் வெளியான அந்த ஆய்வின்படி கரடிகள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. யெல்லோஸ்டோன் பூங்காவில் பல பத்தாண்டுகளில் கரடியால் காயம்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

இதைப் படித்தபோது வந்த நிம்மதியை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, "பார்த்தாயா, அறிவியல் நம் பக்கம்" என்று கட்டுரையை முடித்துவிடலாம். அது எனக்குப் போதவில்லை. ஏனென்றால் நான்காவதாக ஓர் ஆய்வு இருக்கிறது. 1983இல், பனிக்கரடிகளை வைத்துச் செய்தது. பனிக்கரடிகள் பயன்படுத்திய டாம்பன்களை விரும்பின. தின்றன. சாதாரண மனித ரத்தத்தைச் சீண்டாத கரடிகள் இதைத் தின்றன.

அப்படியானால் பனிக்கரடி இருக்கிற ஊரில் மட்டும் அம்மாவும் சக ஊழியரும் சொல்வது சரியாகிவிடுமா? நம் உரிமை கரடியின் நாக்கு ருசியைப் பொறுத்து வடக்கே போகப் போகக் குறைந்துகொண்டே போகுமா? "ஆபத்து என்பது பொய், ஆகவே எங்களை விடுங்கள்" என்று வாதாடுகிற பெண்ணியத்தின் பலவீனம் இதுதான். ஆபத்து உண்மையென்று ஒரு நாள் யாராவது நிரூபித்துவிட்டால், வாதம் கையில் இல்லாமல் நிற்போம். சபரிமலைக்குப் பெண்கள் ஏன் போகக்கூடாது என்று நான் சிறுமியாகக் கேட்டபோது, தீட்டு என்று ஒரு பதிலும், காட்டுவழி, புலி மோப்பம் பிடித்துவிடும் என்று இன்னொரு பதிலும் வந்தன. முதல் பதிலை எதிர்த்துப் பேச எனக்குப் பதினைந்து வயதிலேயே தைரியம் வந்துவிட்டது. இரண்டாவதை எதிர்த்துப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மலை இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். புலி இருப்பது உண்மை. தீட்டு என்பவரோடு சண்டை போடலாம். புலி என்பவரோடு எப்படிச் சண்டை போடுவது? 2018இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொன்னபோது பேசப்பட்டதெல்லாம் சமத்துவமும் வழிபாட்டு உரிமையும். வீட்டுத் திண்ணைகளில் புலிதான் இன்னும் காவல் இருந்தது.

எனக்கு விடை மொன்டானாவில், வேட்டைக்காரர்களிடமிருந்து கிடைத்தது. அந்தப் பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. ஆனால் பூங்காவைச் சுற்றியிருக்கிற காடுகளில் இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்குப் போவது அங்கே பரம்பரை வழக்கம். பெரும்பாலும் ஆண்கள். எல்க் என்கிற பெரிய மானைச் சுட்டு, அங்கேயே தோலுரித்து, குடலை எடுத்து, கையும் சட்டையும் ரத்தமாக, இறைச்சியை முதுகில் சுமந்துகொண்டு கிரிஸ்லி உலவும் காட்டில் நடப்பார்கள். அந்த வாடைக்குக் கரடி வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வந்திருக்கிறது, ஆட்களைக் கிழித்திருக்கிறது. அவர்களுக்கு அரசு தருகிற துண்டுப் பிரசுரம் என்ன சொல்கிறது? இறைச்சியைச் சீக்கிரம் அப்புறப்படுத்து, குடலைத் தள்ளிப் போடு, உயரத்தில் கட்டித் தொங்கவிடு, துணையோடு போ, தெளிப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வை. வீட்டிலேயே இரு என்று சொல்வதில்லை.

நிரூபிக்கப்பட்ட ரத்த வாடைக்கு, எப்படிப் போவது என்ற அறிவுரை. அனுமானிக்கப்பட்ட ரத்த வாடைக்கு, போகாதே என்ற அறிவுரை. வித்தியாசம் ரத்தத்திலும் இல்லை, கரடியிலும் இல்லை. வேட்டைக்காரர் காட்டுக்குப் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பெண் போவதற்கு அப்படி எதுவும் இல்லை. அவள் வீட்டிலிருந்தால் யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. ஒருவர் ஓரிடத்தில் இருப்பதை அவசியம் என்று நினைத்தால், ஆபத்தை எப்படிக் குறைப்பது என்று யோசிப்போம். அவசியமில்லை என்று நினைத்தால், ஆளைக் குறைப்போம். ஆகவே ஓர் எச்சரிக்கையை எடைபோட, ஆபத்து உண்மையா என்று மட்டும் கேட்பது போதாது என்று நினைக்கிறேன். இதே அளவு ஆபத்து ஓர் ஆணுக்கு இருந்தால் அவனிடம் என்ன சொல்வார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இப்போது பூங்காவில் நிலைமை மாறிவிட்டது. மெனி கிளேசியர் முகாம் திடலில் எங்களுக்குத் தரப்பட்ட விதிகளின்படி, கரடிக்கு வாடை போகக்கூடிய எதையும் கூடாரத்துக்குள் வைக்கக்கூடாது. உணவு, சமையல் பாத்திரம், பற்பசை, சோப்பு, லிப் பாம், குப்பை, நாப்கின், டாம்பன் எல்லாம் காருக்குள்ளோ கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிக்குள்ளோ போக வேண்டும். பயன்படுத்திய நாப்கினை இரண்டு ஜிப் பைகளில் இட்டு மூடிக் குப்பையோடு சேர்க்க வேண்டும், புதைக்கக்கூடாது. அவ்வளவுதான். பற்பசைக்கும் குப்பைக்கும் பக்கத்தில் நாப்கின். என் உடலைச் சுற்றி இத்தனை வருடமாகக் கேட்ட பேச்சில், தனியாகப் பிரித்துச் சொல்லாமல் பற்பசை வரிசையில் வைத்த முதல் பேச்சு இது. மரியாதை என்று நான் எதிர்பார்ப்பது இந்த அளவுதான்.

அம்மாவிடமும் இதற்கு இணையான ஒன்று இருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது. எங்கள் வீட்டில் ராத்திரியில் கறிக்குழம்பு தூக்குவாளியில் வெளியே போனால், மேலே ஒரு துண்டு அடுப்புக்கரி போட்டுக் கொடுப்பார். வாடைக்குப் பேய் பின்னால் வருமாம். குழம்பை அனுப்பாமல் இருந்ததில்லை. கரியைப் போட்டு அனுப்பினார். அந்தக் குழம்புக்குக் கிடைத்தது பயணம் போவதற்கான வழி. வயசுக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்தது, அந்த நாட்களில் புளியமரத்தைத் தாண்டாதே.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அது லேசானதும் அல்ல. ஆபத்தை விரும்பி ஏற்பவள் அதைத் தனியாக ஏற்பதில்லை. காட்டில் எனக்கு ஏதாவது ஆனால், தேடி வருகிற மீட்புப் பணியாளர் தன் உயிரை வைத்து வருகிறார். 1967இல் அந்த இரவுக்குப் பிறகு கரடிகளையும் சுட்டுக் கொன்றார்கள். நான் கவனக்குறைவாக விட்ட ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் ஒரு கரடிக்கு மனித உணவைப் பழக்கிவிட்டால், கடைசியில் சாவது பெரும்பாலும் அந்தக் கரடி. ஆகவே என் சுதந்திரம் என்று கையை வீசிக்கொண்டு நடக்க முடியாது. இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கடமை கருவாட்டுப் பொரியல் கொண்டுவந்தவர் எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்துகிறது. பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய கடமையும் அப்படித்தான். "உனக்கு ஏதாவது ஆனால் பிள்ளைகள் என்ன ஆகும்" என்ற கேள்வி நியாயமானது. என் கணவர் ஒவ்வொரு ஜனவரியிலும் உறைந்த ஏரிமேல் உட்கார்ந்து மீன் பிடிக்கப் போகிறார். இதுவரை ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை என்பதுதான் என் புகார்.

எங்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். கூடாரத்தின் கம்பிகளை மற்ற மூவரும் கையேட்டைப் பார்த்துக் கோர்த்துக்கொண்டிருந்தபோது, அவர் பார்க்காமலே கட்டி முடித்துவிட்டார். 2009இல் மெனிக் பாம் முகாமில் மாதக்கணக்கில் கூடாரத்தில் இருந்தவர். "அக்கா, கூடாரத்தில படுக்கிறதுக்கு நான் காசு குடுக்கிறது இதுதான் முதல் தரம்" என்று சொல்லிச் சிரித்தார். நாங்கள் சிரிப்பதா என்று தெரியாமல் நின்றோம். அவருடைய வார்த்தையைப் பிறகு நிறைய யோசித்தேன். அன்றைக்குத் தூங்கியதும் துணிக்குள், இன்றைக்கும் துணிக்குள். அங்கே முள்கம்பி, மாதவிடாய்க்குத் துணியும் தண்ணீரும் கிடைப்பதே பெரும்பாடு, ராத்திரி கழிப்பறைக்குப் போகப் பெண்கள் கூட்டமாகத்தான் போவார்களாம். அந்த ஆபத்தில் அவரைக் கொண்டுபோய் வைத்தபோது, தேதி பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணுக்கு ஆபத்து கூடாது என்று நம் உலகம் நினைப்பதாக நம்புவது கடினம். அவள் தானாகத் தேர்ந்தெடுக்கிற ஆபத்துதான் கூடாது.

இந்த மலைகளும் காலியாக இருந்தவை அல்ல. பிளாக்ஃபீட் மக்கள் இவற்றை உலகத்தின் முதுகெலும்பு என்கிறார்கள். பட்டினியில் நொறுங்கிப்போயிருந்த அவர்களிடமிருந்து 1895இல் 15 லட்சம் டாலருக்கு அமெரிக்க அரசு மலைப் பகுதியை வாங்கியது. வேட்டையாடவும் மரம் எடுக்கவும் உள்ள உரிமை அவர்களுக்கு இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். 1910இல் பூங்கா வந்தபோது அந்த உரிமையும் போயிற்று. சீஃப் மௌன்டன் அவர்களுக்குப் புனித மலை. எல்லைக்கோடு அதே மக்களின் உறவினர்களைக் கனடாவில் விட்டுவிட்டுப் போகிறது. மனிதர் வசிக்காத காட்டில் சுதந்திரம் தேடிப் போகிற நாங்கள், மனிதரை வெளியேற்றிய பிறகு கிடைத்த காட்டில்தான் படுத்துக்கொண்டோம். காட்டின் நல்லதுக்கு என்று அவர்களிடம் சொல்லியிருப்பார்கள்.

இரண்டாவது நாள் ஐஸ்பெர்க் ஏரிக்கு நடந்தோம். போக வர 15 கிலோமீட்டருக்கு மேல். பாதை தொடங்குகிற இடத்திலேயே பலகை: கிரிஸ்லி பகுதி, சத்தம் போட்டுக்கொண்டு நடக்கவும். கரடியைத் திடுக்கிடச் செய்வதுதான் பெரிய ஆபத்து. ஆள் வருவது தெரிந்தால் அது பெரும்பாலும் விலகிப் போய்விடும். பொம்பளைச் சத்தம் வாசலைத் தாண்டக்கூடாது என்று வளர்ந்த நான்கு பேருக்கு அரசாங்கமே பலகை வைத்துச் சத்தம் போடச் சொல்கிறது. மற்றவர்கள் "ஹே பேர்" என்று கத்திக்கொண்டு போனார்கள். நாங்கள் ஒவ்வொரு வளைவிலும் குலவை போட்டோம். எதிரே வந்த வயதான தம்பதி நின்று, இது எந்த ஊர்க் கரடிக்கு என்று கேட்டார்கள். அன்றைக்குக் காலையில்தான் எங்களில் ஒருவருக்கு மாதவிடாய் வந்திருந்தது. ஜிப் பை, இரும்புப் பெட்டி, பிறகு நடை. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

இடுப்பில் ஆளுக்கொரு கரடித் தெளிப்பான் இருந்தது. மிளகாய்க் காரத்தைப் புகைபோலப் பீய்ச்சுகிற குப்பி. கல்கரிக் கடையில் அலமாரியில் வரிசையாக இருக்கும். மனிதர்கள் மீது அடிப்பதற்கென்று செய்த மிளகுத் தெளிப்பான் கனடாவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். கரடிக்கென்று எழுதியிருக்கிற குப்பி சட்டப்படி சரி. அதையே ஆள்மீது அடிக்கும் எண்ணத்தோடு வைத்திருந்தால் குற்றம். திரும்பும்போது எல்லையில் எதற்கு என்று கேட்டால் கரடிக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அது உண்மையும்கூட. ஆனால் முதல் நாள் இரவு இரண்டு மணிவாக்கில் ஒரு வண்டி எங்கள் திடலருகே வந்து, விளக்கை அணைக்காமல் பத்து நிமிடம் நின்றது. தாமதமாக வந்து இடம் தேடிய யாரோ. பிறகு போய்விட்டது. காலையில் பேசியபோதுதான் தெரிந்தது: அந்தப் பத்து நிமிடமும் நான்கு பேரும் விழித்திருந்தோம், நான்கு பேரின் கையிலும் குப்பி இருந்தது. அதற்கு முன்பும் பின்பும் புதரில் ஏதேதோ சலசலத்தது; அதற்கு ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. காட்டில் தனியாக இருந்தால் எதிரே ஆண் வருவது மேலா கரடி வருவது மேலா என்று 2024இல் இணையம் முழுக்கக் கேட்டார்கள், பெண்கள் கரடி என்றார்கள், ஆண்கள் பலர் மனம் புண்பட்டார்கள். நான் அந்த விவாதத்தில் சேரவில்லை. எனக்குத் தெரிந்த புள்ளிவிவரம் அந்த நான்கு குப்பிகள்தான்.

அடுத்த கோடையில் என் மகள் பள்ளியை முடிக்கிறாள். அவளும் மூன்று தோழிகளும் இதே வழியில், இதே திடலுக்குப் போகப் போகிறார்கள். பெரியவர்கள் யாரும் வரக்கூடாது என்பது நிபந்தனை. எனக்குத் தெரிந்ததை எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். உட்கார்ந்து எழுதினேன். உணவுப் பெட்டியை ஒருபோதும் திறந்து வைக்காதே. குட்டியோடு இருக்கும் கரடியைப் பார்த்தால் ஓடாதே, பின்னோக்கி மெல்ல நகர். தெளிப்பானைப் பையின் அடியில் போடாதே. ஆற்றில் இறங்கும்முன் வேகத்தைப் பார். இங்கே கரடியால் செத்தவர்களைவிட நீரில் மூழ்கியும் பாறையிலிருந்து விழுந்தும் செத்தவர்கள் மிக அதிகம். நாப்கினுக்கு ஜிப் பை இரட்டையாக எடுத்துக்கொள்.

கடைசியாக, இருட்டிய பிறகு கழிப்பறைக்குத் தனியாகப் போகாதே என்று எழுதினேன். அவளுடைய அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன்பு போனபோது நான் எழுதிக்கொடுத்த தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் அந்த வரி இல்லை. கரடிக்காக என்றால் அது இருவர் தாளிலும் இருந்திருக்க வேண்டும். மகளின் தாள் இப்போதும் சமையலறை மேசையில் இருக்கிறது. அந்த வரியை ஒரு தடவை அடித்தேன். மறுநாள் மேலேயே திரும்ப எழுதினேன்.